ஏழு வயதில் தொடங்கிய குற்றம்: யாங்கோனில் சிறார் நீதிச் சட்டத்தின் வரலாறு

மியான்மரில் ஏழு வயது நிரம்பிய குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த 2019 ஜூலை வரை சட்டம் இடம் கொடுத்தது. அந்த மாதம் 23ஆம் தேதி நிறைவேறிய குழந்தை உரிமைகள் சட்டம்தான் அந்த வயதைப் பத்தாக உயர்த்தியது. ஏழு என்ற எல்லையைப் பர்மியர் யாரும் வகுக்கவில்லை. மெக்காலே தலைமையிலான குழு 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தோடு அது ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கோனுக்கு, வந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான், 1852இல், இரண்டாம் ஆங்கிலோ–பர்மியப் போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அந்த நகரைக் கைப்பற்றியிருந்தது. கல்கத்தாவில் எழுதப்படும் சட்டம் அதன்பின் ரங்கூன் நீதிமன்றங்களையும் ஆண்டது.

தண்டனைச் சட்டத்தின் 82வது பிரிவு ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதையும் குற்றமாகக் கருதவில்லை. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவது 83வது பிரிவு. தான் செய்த காரியத்தின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் பக்குவம் அந்தக் குழந்தைக்கு அந்த வேளையில் இல்லை என்றால் அதுவும் குற்றமாகாது. படிக்கும்போது இது கருணையுள்ள ஏற்பாடாகத் தெரியும். ஆனால் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கே அப்போது ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைக்குக் குற்ற மனம் கிடையாது என்பதே தொடக்க அனுமானமாக இருந்தது. அதை உடைக்க வேண்டியது அரசுத் தரப்பின் வேலையாக இருந்தது. ஆசியாவுக்கு வந்த சட்டம் மேல்வரம்பை இரண்டு ஆண்டு குறைத்தது. மெய்ப்பிக்கும் சுமையையும் இடம் மாற்றியது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 105வது பிரிவின்படி, விதிவிலக்கைக் கோருபவரே அதை நிரூபிக்க வேண்டும். ஆகவே வழக்கறிஞர் இல்லாமல் நிற்கும் எட்டு வயதுப் பையன்தான் தனக்குப் பக்குவம் போதாது என்று மாஜிஸ்திரேட்டிடம் காட்டியாக வேண்டியிருந்தது. பின்னால் வந்த சீர்திருத்தங்கள் பலவும் தொடாமல் விட்ட முடிச்சு இது.

ரங்கூன் நீதிமன்றங்களுக்குச் சிறார் வழக்குகள் வந்ததற்கு நகரம் வளர்ந்த விதமும் ஒரு காரணம். அரிசி ஏற்றுமதியால் பெருத்த துறைமுகம் அது. சென்னை, விசாகப்பட்டினம், கல்கத்தா துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் கூலியாட்கள் இறங்கினார்கள். 1931 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம். அதில் பாதிக்கு மேல், சுமார் 2.13 லட்சம் பேர், இந்தியர். பெரும்பாலானோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். கேட்க வீட்டில் ஆள் இல்லாத நகரம் சிறுவர்களுக்குப் பொல்லாத இடம். பர்மிய ஊர்களில் பையன்களைச் சேர்த்து வைத்திருந்த புத்த மடப் பள்ளி, ஊர்த் தலைவர், உறவுமுறை என்ற வலையும் நெல் வியாபார நகரத்தில் அறுந்திருந்தது. தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசுகிறவர்களை மொழிபெயர்ப்பாளர் வைத்து விசாரித்த அந்த நீதிமன்றங்களில், குழந்தைக்குப் புரியும் மொழியில் வழக்கு நடப்பது பல சமயம் தற்செயலைப் பொறுத்ததாகவே இருந்திருக்கும்.

நகரத்துக்கென்றே 1899இல் ரங்கூன் போலீஸ் சட்டம் வந்தது. சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையில் தக்க காரணம் சொல்ல முடியாமல் முகத்தை மறைத்தோ ஒளிந்தோ இருப்பவரைப் பிடிக்க அதன் 30வது பிரிவு காவலருக்கு அதிகாரம் தந்தது. திருட வந்தவர்களுக்காக எழுதப்பட்ட பிரிவு அது. நடைமுறையில் படுக்க இடமில்லாதவர் எவரையும் அது குற்றவாளியாக்கக் கூடும். நூற்றாண்டு கடந்த பிறகும் யாங்கோனின் தெருவோரச் சிறுவர்களையும் திருநங்கையரையும் பிடிக்க இந்தப் பிரிவும், 1945ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தில் உள்ள இதன் மறுபதிப்பும் பயன்பட்டன.

அன்றைய ஆட்சிக்கு மிகச் சுலபமான தண்டனை பிரம்படி. 1864ஆம் ஆண்டு கசையடிச் சட்டம், இளம் குற்றவாளிகளுக்கு மற்றத் தண்டனைகளுக்குப் பதிலாகப் பிரம்படி கொடுக்க வழிசெய்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடிப்பதுபோல் மெல்லிய பிரம்பால் அடிக்க வேண்டும் என்பது விதி. சிறையில் பெரிய கைதிகளோடு பழகிக் கெடுவதைவிட அடி வாங்கி வீட்டுக்குப் போவது மேல் என்ற வாதம் அப்போதைய அதிகாரிகளிடையே நேர்மையாகவே முன்வைக்கப்பட்டது. அரசுக்குச் செலவில்லை என்பதும் அந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. சிறாருக்காகப் பணம் செலவழிக்கத் தயங்கும் அரசு, செலவில்லாத வழியைச் சட்டமாக்கிக்கொள்ளும். ரங்கூனின் வரலாற்றில் இது பலமுறை நடந்தது.

சிறைக்கு மாற்றாகக் காலனி ஆட்சி கண்ட இரண்டாவது வழி சீர்திருத்தப் பள்ளி. 1876இல் ஒரு சட்டமும் அதற்குப் பதிலாக 1897இல் மற்றொன்றும் வந்தன. 1897ஆம் ஆண்டு சட்டப்படி, பதினைந்து வயதுக்குட்பட்ட பையனைச் சிறைக்கு அனுப்பாமல் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம். பதினெட்டு வயதைத் தாண்டி வைக்கக் கூடாது. பெண் குழந்தைகளுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. பர்மாவுக்கான (இன்றைய மியான்மர்) பள்ளி ரங்கூனை ஒட்டிய இன்செய்னில் நடந்தது. அங்கேதான் மாகாணத்தின் மாபெரும் மத்தியச் சிறையும் இருந்தது. சென்னை மாகாணத்தில் இதே நோக்கத்தோடு 1887இல் செங்கல்பட்டில் திறந்த பள்ளியைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். தச்சு வேலை, நெசவு, தோட்ட வேலை, கொஞ்சம் எழுத்துப் படிப்பு என்பதே இத்தகைய பள்ளிகளின் பாடத்திட்டம்.

இந்தச் சட்டங்களில் உற்று நோக்க வேண்டியது அந்தக் குறைந்தபட்சக் காலம். 1876இல் இரண்டு ஆண்டு, 1897இல் மூன்று. வளர்ந்த ஒருவர் அதே சில்லறைத் திருட்டுக்குச் சில வாரமோ சில மாதமோ சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்துவிடுவார். பையனோ மூன்று ஆண்டு உள்ளே இருக்க வேண்டும். ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்க அவ்வளவு காலம் தேவை என்பது சட்டம் இயற்றியவர்களின் கணக்கு. இது தண்டனை அல்ல, பயிற்சி என்று அவர்கள் நம்பினார்கள். பூட்டிய கதவுக்குள் இருப்பவனுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்காது. குழந்தையின் நன்மைக்காகவே கூடுதல் காலம் அடைத்துவைக்கலாம் என்ற இந்த எண்ணம், பிரிட்டிஷார் வெளியேறிய பின்பும் பர்மாவின் சட்டங்களை விட்டு அகலவில்லை.

1919–20இல் இந்தியச் சிறைக் குழு துணைக்கண்டம் முழுவதும் சுற்றி வந்தது. அதன் தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. இளைஞருக்கென்று தனியாக இருந்த மெய்க்தீலா, தஞ்சாவூர் போன்ற சிறைகளும் குழுவின் ஆய்வுக்குள் வந்தன. குழந்தைகளைச் சிறைக்கு அனுப்பவே கூடாது, அவர்களுக்குத் தனி நீதிமன்றமும் விசாரணைக் காலத்தில் தங்கத் தனி இல்லமும் வேண்டும் என்பது குழுவின் முடிவு. அந்தக் காற்று முதலில் சென்னையில் வீசியது. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. அப்போது இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தும் பர்மா காத்திருந்தது. மக்கள்தொகை விகிதத்தில் மற்ற மாகாணங்களைவிட அதிகமானோரைச் சிறையில் வைத்திருந்த மாகாணம் என்ற பெயரும் அதற்குத்தான் இருந்தது. 1930இல்தான் இளம் குற்றவாளிகளுக்கான தனிச் சட்டம் பர்மாவில் நிறைவேறியது. அதே ஆண்டு மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் பர்மியருக்கும் இந்தியருக்கும் இடையே வேலைக்காக வெடித்த கலவரம் நகரத்தை உலுக்கியது. டிசம்பரில் ஆட்சிக்கு எதிரான சாயா சான் விவசாயிகள் கிளர்ச்சி தொடங்கியது. மாகாணம் முழுவதும் கூடுதல் காவலரும் கூடுதல் சிறைகளும் வேண்டும் என்று அரசு தவித்த வேளையில் சிறுவர் நலச் சட்டம் யார் கண்ணிலும் படவில்லை.

இந்தக் குழந்தைகள் சட்டங்கள் பின்பற்றிய இங்கிலாந்தின் 1908ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம் சிறுவர்களைச் சிறையிலிருந்து விலக்கியதோடு, ஒரு சிறு ஓட்டையையும் விட்டுவைத்திருந்தது. கட்டுக்கடங்காத அல்லது மிகவும் சீர்கெட்ட குணமுள்ளவன் என்று நீதிமன்றம் கருதினால், பதினான்கைத் தாண்டிய இளைஞனை மட்டும் சிறைக்கு அனுப்பலாம். சென்னைச் சட்டம் முதலாகப் பல காலனிச் சட்டங்கள் இந்த ஓட்டையைப் பிரதியெடுத்துக்கொண்டன. குணத்தை அளக்க அளவுகோல் எதையும் அந்தச் சட்டங்கள் தரவில்லை. காவலரிடம் எதிர்த்துப் பேசிய சிறுவனும், இரண்டாம் முறை பிடிபட்டவனும், பெற்றோர் வந்து நிற்காதவனும் அந்த வார்த்தைகளுக்குள் அடங்கிவிடுவார்கள்.

1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. இரண்டே மாதத்தில் நகரத்தைக் காலிசெய்த பிரிட்டிஷ் நிர்வாகம் சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டுப் போனது. லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாக அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் வெளியேறினார்கள். போர் முடிந்து 1948இல் நாடு விடுதலை பெற்றபோது நகரம் முழுக்க அநாதைக் குழந்தைகள். பிரதமர் ஊ நூ அரசின் நலத்திட்டக் கனவு உயிரோடிருந்த ஆண்டுகளில் சமூக நலத் துறை உருவானது. 1955இல் குழந்தைகள் சட்டம் வந்தது. சிறார் விவகாரத்தைச் சிறைத் துறையின் பிடியிலிருந்து சமூக நலத் துறையின் பொறுப்புக்கு நகர்த்திய அந்தப் பத்தாண்டு, இந்த வரலாற்றில் நம்பிக்கை மிகுந்த காலம். 1962இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1970களில் சட்டம் பயிலாத மக்கள் பிரதிநிதிகள் நீதிபதிகளாக அமரும் மக்கள் நீதிமன்றங்கள் வந்தன. சிறார் நீதிக்குத் தேவையான தனிப் பயிற்சி அந்த அமைப்பில் வளர வாய்ப்பில்லை. நெ வின் ஆட்சிக்கு எதிரான 1988 மக்கள் எழுச்சிக்குப் பின் அந்த நீதிமன்றங்களும் மறைந்தன.

குழந்தை உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையில் மியான்மர் 1991 ஜூலை 15இல் சேர்ந்தது. சேரும்போதே இரண்டு விதிகளுக்கு ஒதுக்கீடு (அவற்றுக்கு முழுமையாகக் கட்டுப்பட மாட்டோம் என்ற நிபந்தனை) சொன்னது. ஒன்று, கூட்டம் சேரும் உரிமை பற்றிய 15வது விதி. மற்றொன்று சித்திரவதை, மரண தண்டனை, முறையற்ற காவல் ஆகியவற்றிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 37வது விதி. கைது செய்யவும் காவலில் வைக்கவும் விசாரிக்கவும் அரசுக்கு உள்ள அதிகாரத்தை அந்த விதி தடுக்காது என்பதே ஒதுக்கீட்டின் சாரம். 1988 போராட்டத்தில் பள்ளி மாணவர்களும் தெருவுக்கு வந்திருந்ததை ராணுவ ஆட்சி மறக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஜெர்மனி உள்ளிட்ட நாடுகள் ஆட்சேபித்தன. 1993 அக்டோபரில் ஒதுக்கீடுகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூலை 14இல், புதிய குழந்தைச் சட்டத்தை ராணுவ ஆட்சி பிறப்பித்திருந்தது. நாடாளுமன்றம் இல்லாத நாட்டில், விவாதமின்றி, 9/93 என்ற எண்ணோடு வந்த சட்டம் அது.

பிறந்த விதம் எப்படியிருந்தாலும் அந்தச் சட்டத்தில் நல்ல பகுதிகள் உண்டு. பிடிபட்ட குழந்தைக்கு விலங்கு மாட்டக் கூடாது, கயிற்றால் கட்டக் கூடாது, வளர்ந்த கைதிகளோடு அடைக்கக் கூடாது, பெண் குழந்தையைப் பெண் காவலரின் பொறுப்பில்தான் வைக்க வேண்டும் என்று அது காவல் துறைக்கு எழுத்திலேயே கட்டளையிட்டது. விசாரணை தனி இடத்தில் நடக்க வேண்டும். பெற்றோரும் தொடர்புடையவர்களும் தவிர யாரும் உள்ளே வரலாகாது. குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது. தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அலுவலர் குழந்தையின் குடும்பம், படிப்பு, சூழல் ஆகியவற்றை விசாரித்து அறிக்கை தர வேண்டும். மரண தண்டனையும் கசையடியும் கிடையாது. எவ்வளவு கடுமையான குற்றமானாலும் ஏழு ஆண்டுக்கு மேல் சிறை இல்லை.

குறைகள் அந்த நல்ல பகுதிகளுக்கு அடியிலேயே இருந்தன. குற்றப் பொறுப்பு வயது ஏழாகவே நின்றது. பதினாறு வயதுக்குட்பட்டவரே குழந்தை. பதினாறும் பதினேழும் வயதானவர்கள் ‘இளைஞர்’ என்ற தனி வகையாகிப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஐ.நா. உடன்படிக்கையோ பதினெட்டு வரை குழந்தை என்கிறது. சிறார் வழக்குகளில் கணிசமான பங்கு இந்த வயதினருடையதாகவே எங்கும் இருக்கும் என்பதால், பாதுகாப்பு அதிகம் தேவைப்பட்ட இடத்திலேயே சட்டம் கைவிரித்தது. 1876இன் இரண்டாண்டுக் குறைந்தபட்சமும் திரும்பி வந்தது. பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்படும் குழந்தை குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் பதினெட்டு வயது நிரம்பும் வரை அங்கே இருக்க வேண்டும். சீர்கெட்ட குணம் என்ற பழைய ஓட்டையும் கூடவே வந்தது. பெற்றோரால் அடக்க முடியாத குழந்தையும் பராமரிப்புத் தேவைப்படும் குழந்தைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், குற்றமே செய்யாத பிள்ளையும் திருட்டு வழக்கில் வந்த பிள்ளையும் ஒரே பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர வழி ஏற்பட்டது. யாங்கோனில் கபா ஏ பகுதியிலுள்ள ஆண்கள் பயிற்சிப் பள்ளி இத்தகைய நிலையங்களில் பெயர் தெரிந்தது.

நீதிமன்ற ஏற்பாடும் நகரத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று பிரிந்தது. சிறாருக்கென்றே தனி நீதிமன்றம் யாங்கோன், மண்டலே ஆகிய இரு நகரங்களில் மட்டுமே அமைந்தது. மற்ற இடங்களில் காலையில் கொள்ளை வழக்கும் நிலத்தகராறும் கேட்ட நகரிய நீதிபதியே பிற்பகலில் சிறார் நீதிபதியாக மாறினார். மேசையை மாற்றிப்போட்டுத் திரை கட்டினால் சட்டத்தின் நிபந்தனை நிறைவேறிவிடும். நீதிபதியின் மனப்பழக்கம் அவ்வளவு எளிதில் மாறாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி, பிடிபட்டவர் குழந்தைதானா என்பது. 2009–10இல் நடந்த ஆய்வின்படி மியான்மரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 72 சதவீதத்தினரின் பிறப்பே பதிவாகியிருந்தது. மீதமுள்ளவர்கள் வளர்ந்து காவல் நிலையத்தில் நிற்கும்போது வயதைக் காட்ட ஆவணம் இருக்காது. குடும்பப் பட்டியலில் பெயர் இருந்தால் உண்டு; இல்லையேல் மருத்துவர் எலும்பையும் பல்லையும் பார்த்துச் சொல்லும் மதிப்பீடுதான். அந்த மதிப்பீட்டில் ஓரிரு ஆண்டு பிழை இயல்பு. பதினைந்தா பதினாறா என்பதில் சிறார் நீதிமன்றமா பெரியவர் சிறையா என்பது முடிவாகும் சட்டத்தில் அந்த ஓரிரு ஆண்டு ஒரு வாழ்க்கையைத் தீர்மானித்துவிடும். 1982ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தால் முழுக் குடியுரிமை கிடைக்காமல் நின்ற குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. தலைமுறைகளாக யாங்கோனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அயல்நாட்டவர் பதிவுச் சான்று மட்டும் வைத்திருக்கும் பெற்றோர், பிள்ளையின் வயதை நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். சிறார் நீதிச் சீர்திருத்தம் என்று பேசுபவர்கள் பிறப்புப் பதிவைப் பற்றி முதலில் பேசாவிட்டால் அந்தப் பேச்சுக்கு அடித்தளமில்லை.

1988க்குப் பின் யாங்கோனின் விளிம்பில் லைங்தாயா, ஷ்வேபியிதா, டகோன் எனப் புதிய நகரியங்கள் எழுந்தன. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களும், வேலை தேடிக் கிராமத்திலிருந்து வந்தவர்களும் அங்கே குடியேறினார்கள். 2008 மே மாதம் ஐராவதி டெல்டாவை அழித்த நர்கிஸ் புயலுக்குப் பின் அந்த வரத்து இன்னும் கூடியது. 2014 கணக்கெடுப்பில் லைங்தாயாவில் மட்டும் 6.87 லட்சம் பேர் இருந்தார்கள். நகரெங்கும் டீக்கடைகளில் மேசை துடைத்துக் கடையிலேயே படுத்துறங்கும் சிறுவர்கள் பெரும்பாலும் டெல்டாவிலிருந்தோ நடுப்பகுதியின் வறண்ட நிலத்திலிருந்தோ வந்தவர்கள். 2015ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஆய்வு, நாடு முழுவதும் 5 முதல் 17 வயது வரையுள்ள 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழந்தைத் தொழிலாளர் என்று கணக்கிட்டது. முதலாளியோடு சண்டையிட்டு இரவில் வெளியேறும் பையனுக்குப் பெற்றோர் அருகில் இல்லை, அடையாள அட்டை இல்லை, படுக்க இடம் இல்லை. ஜாமீன் கொடுக்க ஆள் வராத நிலையில், சில்லறைக் குற்றச்சாட்டுக்கும் அவன் உள்ளேயே இருக்க நேரும். 1899இன் இருட்டுப் பிரிவு இப்படிப்பட்டவனைத்தான் எளிதாகப் பிடிக்கிறது.

ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு, மியான்மரின் அறிக்கைகளை ஆராய்ந்தபோது, ஏழு வயது என்ற எல்லையை உயர்த்துமாறு மீண்டும் மீண்டும் வலியுறுத்தியது. 2007இல் அந்தக் குழு பன்னிரண்டுக்குக் கீழான எந்த வயதும் ஏற்கத்தக்கதல்ல என்று பொதுக் கருத்து வெளியிட்டது. 2019இல் குறைந்தது பதினான்கு வேண்டும் என்றது. 2011க்குப் பின் அரசியல் சற்றுத் திறந்ததும் சட்டத்தை மாற்றும் வேலை தொடங்கியது. அமைச்சகங்கள், யுனிசெஃப், உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகள் எனப் பலர் கை வைத்த வரைவு பல ஆண்டு இழுபட்டது. 2016இல் இலவசச் சட்ட உதவிச் சட்டம் வந்தது. 2019இல் இறுதியாகக் குழந்தை உரிமைகள் சட்டம். அதன்படி பதினெட்டுக்குட்பட்ட அனைவரும் குழந்தைகள். பத்து வயதுக்குட்பட்டவர்மீது வழக்கே இல்லை. பத்து முதல் பன்னிரண்டு வரை பக்குவம் பற்றிய பழைய சோதனை தொடரும். காவல் கடைசி வழியாக மட்டும் இருக்க வேண்டும். வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் குடும்பம், சமூக நலத் துறை, ஊர்ப் பெரியவர்கள் துணையோடு தீர்க்கும் வழியும் முதன்முறையாகச் சட்டத்தில் இடம்பெற்றது. இதுவே அந்தச் சட்டத்தின் மிகப் பெரிய முன்னேற்றம்.

பத்து என்ற எண் சமரசத்தின் அடையாளம். அதே மெக்காலே மரபிலிருந்து வந்த மற்ற நாடுகளைப் பார்த்தால் யாங்கோன் தனியாகப் பின்தங்கி நிற்கவில்லை என்பது தெரியும். இலங்கை 2018இல் எல்லையை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. சிங்கப்பூர் 2020 ஜூலையில் ஏழிலிருந்து பத்துக்கு வந்தது. இந்தியாவோ 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே ஏழையும் அதே பன்னிரண்டையும் வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தில், கொடிய குற்றங்களில் சிக்கும் பதினாறு வயது நிரம்பியவரைப் பெரியவராக விசாரிக்கவும் வழி திறந்திருக்கிறது. மியான்மர் பதினாறு–பதினேழு வயதினரைச் சிறார் நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தது, இந்தியா அவர்களில் சிலரை வெளியே அனுப்பக் கதவு திறந்த நான்கே ஆண்டுக்குள். ஏழ்மையான நாட்டின் சட்டம் சில இடங்களில் பெரிய அண்டை நாட்டின் சட்டத்தைவிட முன்னே சென்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே வழக்கைத் தீர்க்க ஆட்கள் வேண்டும். குடும்பத்தைப் போய்ப் பார்க்க நன்னடத்தை அலுவலர் வேண்டும். பையனை உட்கார வைத்துப் பேசத் தெரிந்த காவலர் வேண்டும். குழந்தை மீண்டும் சேரக்கூடிய பள்ளி வேண்டும். சமூக நலத் துறைக்கு அத்தனை ஆட்கள் ஒருபோதும் இருந்ததில்லை. ஒரே அலுவலர் முதியோர் உதவி, பேரிடர் நிவாரணம், சிறார் அறிக்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தால், தீர்ப்புக்கு முன் வர வேண்டிய அறிக்கை வெறும் படிவமாகிவிடும். காலனிக் காலத்தில் பணம் தர மறுத்துப் பிரம்பைத் தந்தது போலவே, புதிய காலத்தில் உரிமையைத் தந்து ஆளைத் தரவில்லை.

2019 சட்டம் வேர் பிடிக்க ஒன்றரை ஆண்டுதான் கிடைத்தது. 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த மாதம் 13ஆம் தேதி, குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில பிரிவுகளை அது நிறுத்திவைத்தது. நீதிமன்ற உத்தரவின்றி 24 மணி நேரத்துக்கு மேல் யாரையும் காவலில் வைக்கலாகாது என்ற பாதுகாப்பு அதோடு போனது. மார்ச் 14, 15 தேதிகளில் லைங்தாயா, ஷ்வேபியிதா, வடக்கு டகோன், தெற்கு டகோன், டகோன் செய்க்கான், வடக்கு ஒக்கலாபா ஆகிய ஆறு யாங்கோன் நகரியங்களில் ராணுவச் சட்டம் அமலானது. அங்கே 23 வகைக் குற்றங்களை ராணுவ நீதிமன்றங்கள் விசாரித்தன. மரண தண்டனை வரை விதிக்க அவற்றுக்கு அதிகாரம் இருந்தது. வழக்கமான மேல்முறையீடு கிடையாது. வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த நகரியங்கள் அவை. மியான்மருக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் 1,400க்கும் மேற்பட்ட குழந்தைகள் முறையின்றிக் காவலில் வைக்கப்பட்டதாகவும், குறைந்தது 142 குழந்தைகள் சித்திரவதைக்கு ஆளானதாகவும், தேடப்படும் பெற்றோருக்குப் பதிலாக 61 குழந்தைகள் பிணையாகப் பிடித்துவைக்கப்பட்டிருந்ததாகவும் பதிவு செய்தது. 1991இல் 37வது விதிக்குச் சொன்ன ஒதுக்கீட்டில் அரசு தனக்கு வேண்டுமென்று கேட்ட அதிகாரம் இதுதான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் உயிர்பெற்றதும், வயதைக் காட்டும் ஆவணம் இல்லாத பதினேழு வயதுப் பையனுக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்தது.

மியான்மரில் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் மீண்டும் கூடும் நாளில், குற்றப் பொறுப்பு வயதைப் பதினான்காக்குவதும், நன்னடத்தை அலுவலர்களை நியமிப்பதும், பிறப்புப் பதிவை முழுமையாக்குவதும் காலமும் பணமும் கேட்கும் வேலைகள். காசு செலவில்லாமல் ஒரே நாளில் செய்யக்கூடியவையும் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படக் கூடாது என்று சட்டமாக்க வேண்டும். 24 மணி நேர விதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பையன் தனக்குப் பக்குவமில்லை என்று நிரூபிக்க வேண்டும் என்பதை மாற்றி, அவனுக்குப் பக்குவம் இருந்தது என்று அரசே நிரூபிக்க வேண்டும் என்று எழுத வேண்டும். இரவில் தெருவில் படுத்திருப்பதற்காகச் சிறுவர்களைப் பிடிக்க வழிவிடும் 1899ஆம் ஆண்டு ரங்கூன் போலீஸ் சட்டத்தின் அந்தப் பிரிவை முதல் கூட்டத்திலேயே நீக்க வேண்டும்.